வயல் வழிக்கு ஏற்ற மோட்டார் சைக்கிள்: தேர்ந்தெடுப்பது எப்படி?

மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் விவசாயி சுழி பார்ப்பார்; பல் பார்ப்பார்; குளம்பைத் தட்டிப் பார்ப்பார்; நாலு அடி நடக்கவிட்டும் பார்ப்பார். ஆனால் ஒரு சோடி மாட்டின் விலைக்கு மேல் கொடுத்து மோட்டார் சைக்கிள் வாங்கும்போது, கடைக்காரர் சொல்வதையும் மகன் ஆசைப்படுவதையும் மட்டுமே கேட்டு வாங்கிவிடுகிறோம். வண்டி ஓடப்போகும் வழியை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

தாமிரபரணியின் கடைமடைப் பகுதியான ஏரல், ஆத்தூர், முக்காணி, புன்னைக்காயல் வட்டாரத்தில் இந்தக் கவனம் மிகவும் தேவை. நெல், வாழை, வெற்றிலைக் கொடிக்கால் என்று பயிர்கள் பல. அவற்றுக்குச் செல்லும் வழிகளும் பல. ஓரிடத்தில் களிமண் வாய்க்கால் கரை, வேறிடத்தில் உப்பளக் கரை, தெற்கே திருச்செந்தூர்ப் பக்கம் சென்றால் தேரி மணல். விளைபொருளைக் கொண்டுசெல்லும்போது தார்ச்சாலையிலும் ஓட்டியாக வேண்டும்.

மண் வழி வண்டி என்பது எது?

கரடுமுரடான வழிக்கென்றே செய்யப்பட்டு, சாலையிலும் ஓட்டப் பதிவெண் பெறக்கூடிய வண்டிகள் நம் நாட்டில் சில உண்டு. ஹீரோ நிறுவனம் 2011-இல் இம்பல்ஸ் என்ற 150 சி.சி. வண்டியையும், 2019-இல் எக்ஸ்பல்ஸ் 200 என்ற வண்டியையும் வெளியிட்டது. எக்ஸ்பல்ஸ் 200 வண்டியின் முன்சக்கரம் 21 அங்குலம். பின்சக்கரம் 18 அங்குலம். தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி 220 மில்லிமீட்டர். நாம் அன்றாடம் காணும் ஸ்ப்ளெண்டர் வண்டியில் இந்த இடைவெளி 165 மில்லிமீட்டர்தான்.

பெரிய முன்சக்கரம் குழியில் விழாமல் ஏறிக் கடக்கும். உயரமான அடிப்பாகம் கல்லிலும் வரப்பிலும் தட்டாது. ஸ்போக் கம்பிச் சக்கரம் அடிபட்டால் வளையும், வளைந்ததை நிமிர்த்திக்கொள்ளலாம். வார்ப்புச் சக்கரம் பலத்த அடியில் விரிசல் விடக்கூடும். மண் வழி வண்டியில் முன் மட்கார்டு டயரைவிட்டு உயரத்தில் இருப்பதற்கும் காரணம் உண்டு. மழைக்காலத்தில் களிமண் கரையில் செல்லும்போது, சாதாரண வண்டியின் மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே சேறு அப்பிச் சக்கரமே சுற்றாமல் நின்றுவிடும். உயர்ந்த மட்கார்டில் அந்தத் தொல்லை குறைவு.

வழியை முதலில் அளக்க வேண்டும்

டிராக்டர் சென்ற தடத்தின் நடுவில் மேடு நிற்கும். இரு சக்கரத் தடங்களுக்கும் குறுக்கே அந்த மேட்டின் மீது ஒரு கம்பை மட்டமாகப் பிடித்து, அதிலிருந்து தடத்தின் அடிவரை அளந்து பாருங்கள். ஆறு அங்குலத்துக்கும் குறைவாக இருந்தால் சாதாரண வண்டியே போதும். எட்டு அங்குலத்தைத் தாண்டினால் வண்டியை உயர்த்துவதா, வழியைச் சீர்செய்வதா என்று யோசிக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் நாலு பேர் சேர்ந்து இரண்டு டிப்பர் சரளை அடித்தால், நாலு பேரும் தனித்தனியே விலை உயர்ந்த வண்டி வாங்கும் செலவு மிச்சமாகும்.

தேரி மணலில் இயந்திரத்தின் சக்தியைவிட வண்டியின் எடையும் டயரும்தான் முக்கியம். எடை கூடினால் சக்கரம் புதையும். மணலில் இறங்குமுன் டயரில் ஐந்தாறு பவுண்டு காற்றைக் குறைத்தால், டயர் அகலமாகப் படிந்து புதையாமல் செல்லும். மறுபடி தார்ச்சாலை ஏறுமுன் காற்றை நிரப்பியாக வேண்டும். இல்லையேல் டயர் சூடேறிக் கெடும், திருப்பத்தில் வண்டியும் தள்ளாடும். மணலில் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் சறுக்கி விழ நேரும். வேகத்தை முன்கூட்டியே குறைத்து, பின் பிரேக்கை மெதுவாகப் பயன்படுத்துவதே நல்லது.

எடையும் உயரமும்

எக்ஸ்பல்ஸ் 200 வண்டியின் எடை 155 முதல் 160 கிலோ வரை; ஸ்ப்ளெண்டர் சுமார் 112 கிலோ; டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 வண்டி 90 கிலோவுக்கும் குறைவு. வாய்க்கால் கரையில் தனியாகச் செல்லும்போது வண்டி சாய்ந்தால், அதைத் தூக்கி நிறுத்த வேண்டியவர் நீங்கள்தான். கடையிலேயே வண்டியைச் சற்றுச் சாய்த்து, ஒருவர் துணைக்கு நிற்க, நிமிர்த்திப் பாருங்கள். முடியாவிட்டால் அந்த வண்டி உங்களுக்கு ஆகாது.

மண் வழி வண்டியின் இருக்கை சுமார் 82 சென்டிமீட்டர் உயரம். உட்கார்ந்தால் இரு கால்களும் தரையில் ஊன்ற வேண்டும். குறைந்தது முன்பாதங்களாவது அழுந்த வேண்டும். இரண்டடி அகலக் கரையில் கால் எட்டாமல் போனால் வண்டியோடு வாய்க்காலில்தான் இறங்க நேரும்.

சுமையும் செலவும்

யூரியா மூட்டை 45 கிலோ. எக்ஸ்.எல். வண்டியின் முன்தளத்தில் அதைக் கிடத்திக் கொண்டு வரலாம். சுமை தாழ்வாக இருப்பதால் வண்டி ஆடாது. உயரமான மண் வழி வண்டியில் அதே மூட்டையைப் பின்னால் கட்டினால் பாரம் மேலேறி, திருப்பத்தில் இழுக்கும். வாழைத்தார், தீவனக்கட்டு, பால் கேன் ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

எரிபொருள் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் வீதம் 300 நாள் ஓடினால் 6,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 100 லிட்டர் ஆகும். 40 தரும் வண்டிக்கு 150 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டாலும் ஆண்டுக்கு 5,000 ரூபாய் வித்தியாசம். இந்தத் தொகைக்கு ஈடாக அந்த வண்டி என்ன வேலை செய்கிறது என்று கேட்டுப் பார்ப்பது அவசியம்.

பதிவெண் இல்லாத வண்டி வேண்டாம்

கவாஸகி கே.எக்ஸ். போன்ற பந்தய வகை வண்டிகள் சாலைப் பதிவுக்கு உரியவை அல்ல. "வயலுக்குள்தானே ஓட்டப்போகிறோம், பதிவு எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு, பொது இடத்தில் மட்டுமன்றி வேறு எந்த இடத்திலும் பதிவில்லாத வண்டியை ஓட்டக்கூடாது என்கிறது. பதிவான வண்டியிலும், பதிவுச் சான்றில் கண்ட அமைப்பை மாற்றுவதை 52-ஆவது பிரிவு தடுக்கிறது. டயர் தேய்ந்தால் அதே அளவில், ஆழமான கட்டங்கள் உள்ள டயராகப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

இதில் குடும்பத்தின் வாழ்வே அடங்கியிருக்கிறது. உரிமம் உள்ள உரிமையாளர் தம் வண்டியை ஓட்டிச் செல்கையில் விபத்தில் இறந்தால், தனிநபர் விபத்துக் காப்பீட்டின் கீழ் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் கிடைக்க வழி உண்டு. பதிவும் காப்பீடும் இல்லாத வண்டியில் அதற்கு இடமில்லை. பிறர்மீது மோதிவிட்டால் நஷ்டஈட்டையும் கைப்பணத்திலிருந்தே கட்ட வேண்டும். நிலத்தை விற்கும் நிலைகூட வரலாம். பழைய வண்டி வாங்குவோர் பதிவுச் சான்றையும் காப்பீட்டையும் தம் பெயருக்கு மாற்றிய பிறகே வண்டியை வெளியே எடுக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசம் வயல் வழியிலும் தேவை.

உப்பும் வெள்ளமும்

கடலோரத்திலும் உப்பளக் கரையிலும் ஓடும் வண்டியின் செயின், ஸ்போக் கம்பி, சைலன்சரின் அடிப்பாகம் ஆகியவை சீக்கிரம் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் இட வேண்டும். பழைய வண்டி வாங்கும்போது சட்டத்தின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். துரு பொரிந்து உதிர்ந்தால் விட்டுவிடுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் இவ்வட்டாரமே வெள்ளக்காடானது. அப்படி மூழ்கிய வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யக்கூடாது. பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்ற வேண்டும். இன்ஜின் எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் அதை மாற்றிய பிறகே இயக்க வேண்டும்.

எதை வாங்கலாம்?

சுமை ஏற்றுவதே முக்கிய வேலை, தூரமும் குறைவு என்றால் எக்ஸ்.எல். வகை போதும். சந்தைக்கு நெடுந்தூரம் சென்று வருவோருக்கு ஸ்போக் கம்பிச் சக்கரமுள்ள 100 சி.சி. வண்டி ஏற்றது. தினமும் தேரியிலோ ஆழ்ந்த தடத்திலோ போய்வர வேண்டும், சுமை அதிகமில்லை, உயரமும் உடல் வலுவும் உண்டு என்போர் மட்டும் மண் வழி வண்டியை நாடலாம்.

எந்த வண்டியானாலும், அதே வகை வண்டி வைத்திருப்பவரிடம் ஒருநாள் இரவல் கேட்டு, உங்கள் வயல் வரை ஓட்டிப் பாருங்கள். மழை பெய்த மறுநாள் ஓட்டினால் இன்னும் நல்லது. கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.