நடக்கவைக்கும் ரோபோ: பணம் கட்டுவது யார்?

முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தவரை எழுப்பி நிறுத்தி நடக்கவைக்கும் அணிகருவிக்கு எக்ஸோஸ்கெலிட்டன் என்று பெயர். கால்களோடு பட்டை போட்டுக் கட்டிக்கொள்ளும் சட்டம், இடுப்பிலும் முழங்காலிலும் மோட்டார்கள், ஒரு பேட்டரி, ஒரு சிறு கணினி ஆகியவை இதன் உறுப்புகள். இவ்வகையில் பெயர்பெற்ற ‘ரீவாக்’ கருவியை அணிந்தவர் உடலைச் சற்று முன்னால் சாய்த்தால், சென்சார் அந்தச் சாய்வை உணர்ந்து ஓர் அடி எடுத்துவைக்கச் செய்யும். விழாமல் இருக்க இரு கைகளிலும் ஊன்றுகோல் வேண்டும்.

ரீவாக்கை உருவாக்கியவர் இஸ்ரேலியப் பொறியாளர் அமித் கோஃபர். 1997-ல் நேர்ந்த விபத்தில் அவருக்குக் கை, கால் நான்குமே செயலிழந்தன. 2001-ல் அவர் தொடங்கிய நிறுவனம் இக்கருவியைச் செய்து முடித்தது. ஊன்றுகோலைப் பிடிக்கக் கைகளில் வலு இல்லாததால் அவரால் மட்டும் அதை அணிய முடியவில்லை. மார்புக்குக் கீழே செயலிழந்த பிரிட்டிஷ் பெண் கிளேர் லோமாஸ், 2012-ல் இதை அணிந்து லண்டன் மராத்தான் தூரத்தை இரண்டு வாரங்களுக்கும் மேலாக நாள்தோறும் சிறிது சிறிதாக நடந்து முடித்தார். அதன்பிறகே உலகம் ரீவாக் என்ற பெயரைக் கவனித்தது. 2014 ஜூனில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதை வீட்டிலும் வெளியிலும் பயன்படுத்த அனுமதித்தது. இத்தகைய கருவிக்கு அங்கே கிடைத்த முதல் அனுமதி அது. அடுத்த சில மாதங்களில் நிறுவனம் நாஸ்டாக் பங்குச்சந்தைக்கு வந்தது.

அனுமதி கிடைத்தும் விற்பனை பெருகவில்லை. ஒரு வீட்டின் விலைக்கு நிகரான கருவியை நோயாளி தன் கைக்காசில் வாங்க முடியாது. காப்பீட்டு நிறுவனங்களோ இது சோதனை நிலையில் உள்ள சிகிச்சை என்று சொல்லிக் கைவிரித்தன. 2015 டிசம்பரில் அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை, தகுதியுள்ள வீரர்களுக்கு இதை வழங்க முன்வந்தது. 2018-ல் ஜெர்மனியின் சட்டபூர்வக் காப்பீட்டு அமைப்பு தன் உதவிக்கருவிப் பட்டியலில் இதைச் சேர்த்தது. இந்தச் சந்தையின் வரலாறு மோட்டாரின் வரலாறு என்பதைவிட, இப்படி ஒவ்வொரு கதவாகத் திறந்த காப்பீட்டின் வரலாறு என்பதே சரி.

பெரிய கதவு மெடிகேர். முதியவர்களுக்கும் உடற்குறை உள்ளவர்களுக்குமான அந்த அமெரிக்க அரசுக் காப்பீட்டில் எக்ஸோஸ்கெலிட்டனை எந்த இனத்தில் சேர்ப்பது என்பதே பல ஆண்டுகள் முடிவாகாமல் கிடந்தது. 2024 ஜனவரி 1 முதல் அது கை, கால்களுக்கான ‘பிரேஸ்’ இனத்தில் சேர்ந்தது. ஏப்ரலில் 91,032 டாலர் என விலையும் நிர்ணயமானது. அன்றைய மதிப்பில் அது ஏறத்தாழ 76 லட்சம் ரூபாய். பொதுவாக மெடிகேர் ஐந்தில் நான்கு பங்கைத் தரும். மிச்சப் பங்கே 18,000 டாலரைத் தாண்டுகிறது.

ஜப்பான் வேறு வழியில் போனது. சுகுபா பல்கலைக்கழகப் பேராசிரியர் யோஷியுகி சங்காய் 2004-ல் நிறுவிய சைபர்டைன் நிறுவனத்தின் ‘ஹால்’ கருவி, தசையை அசைக்க மூளை அனுப்பும் மெல்லிய மின்குறிப்பைத் தோலின் மேலிருந்தே படித்து மோட்டாரை இயக்குகிறது. கருவியைக் கழற்றிய பிறகும் நடை மேம்பட்டிருக்க வேண்டும் என்பதே இங்கே நோக்கம். 2015-ல் அங்கே மருத்துவக் கருவியாக அங்கீகாரம் பெற்ற ஹால், 2016-ல் தசைச் சிதைவு, ஏ.எல்.எஸ். உள்ளிட்ட எட்டு நோய்களுக்குத் தேசியக் காப்பீட்டில் இடம்பெற்றது. மருத்துவமனைகள் அதை வாடகைக்கே எடுக்கின்றன.

மருத்துவமனையே இதற்குப் பொருத்தமான இடம் என்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. அமெரிக்காவின் எக்சோ பயோனிக்ஸ் கருவி 2016-ல் பக்கவாத நோயாளிகளின் பயிற்சிக்கும் அனுமதி பெற்றது. முதுகுத்தண்டு அடிபட்டவர்களைவிடப் பக்கவாதம் வந்தவர்கள் பல மடங்கு அதிகம். ஒரே கருவியில் ஒருவர் பின் ஒருவராகப் பலர் பயிற்சி எடுக்கலாம். வீட்டுக்கு வாங்குவோருக்குக் கட்டுப்பாடுகள் ஏராளம். உயரமும் எடையும் வரம்புக்குள் இருக்க வேண்டும், எலும்பு உறுதியாக இருக்க வேண்டும், தோள்கள் தாங்க வேண்டும், பயிற்சி பெற்ற துணையாள் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். வேகத்தில் சக்கர நாற்காலியே முந்தும். ஆனால் நிமிர்ந்து நின்று எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசுவது சின்ன விஷயமல்ல. குடலியக்கம் சீராவதையும், தசை இறுக்கமும் வலியும் தணிவதையும் பயன்படுத்துவோர் பலர் சொல்கிறார்கள்.

முதுகுத்தண்டுக் காயத்தோடு வாழ்வோர் உலகில் 1.5 கோடிக்கும் அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தத் தொகையைக் காட்டித்தான் சந்தை ஆய்வறிக்கைகள் பிரமாண்டமான கணிப்புகளைத் தருகின்றன. அவற்றை அப்படியே நம்பக்கூடாது. இவர்களில் கருவியை அணியத் தகுதியுள்ளோர் ஒரு பகுதி, அதை வாங்க வழியுள்ளோர் அதிலும் சிறு பகுதி. நிறுவனங்களே ஒன்றையொன்று விழுங்கித்தான் நிற்கின்றன. 2022-ல் எக்சோ, பார்க்கர் ஹனிஃபின் என்ற நிறுவனத்தின் வசமிருந்த ‘இண்டிகோ’ கருவியை வாங்கியது. 2023-ல் ரீவாக், ‘ஆல்டர்ஜி’ என்ற ட்ரெட்மில் நிறுவனத்தை வாங்கி, மறு ஆண்டு ‘லைஃப்வார்டு’ என்று பெயர் மாற்றிக்கொண்டது.

இனி அரசுகளும் காப்பீட்டு நிறுவனங்களும் பேச வேண்டியது பராமரிப்பைப் பற்றி. பேட்டரி தேயும், வயர் அறுந்துபோகும், பழைய மாதிரிக்கு உதிரிபாகம் வருவது நின்றுபோகும். அப்படி நின்றால், நடந்து பழகிய மனிதர் மறுபடி நாற்காலிக்கே திரும்ப வேண்டியதுதான். கருவிக்குப் பணம் கொடுக்கும் ஒப்பந்தத்திலேயே பழுதுபார்ப்பையும் உதிரிபாகத்தையும் கட்டாயமாக்க வேண்டும்.