தாதியாக வேண்டுமா? டியூஷனுக்கு முன் வர்த்தமானி

இறத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் 24 வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண தரத்தில் கணிதத்துக்கு எஸ். பக்கத்துப் பாடசாலையில் விஞ்ஞான வகுப்பே இல்லாததால் உயர்தரத்தில் கலைப்பிரிவு. பிறகு மாத்தளை டவுனில் கடை வேலை. இப்போது தாதியாக வேண்டும் என்கிறாள். இப்படிப்பட்டவர்கள் நம் மலையகத்தில் ஒருவர் இருவர் அல்ல. ஆசை வந்ததும் டியூஷன் தேடி ஓடுகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது: வர்த்தமானி அறிவித்தலைப் படிப்பது.

தாதியர் பயிற்சிக்கு முன்தகைமை என்பது பரீட்சைப் பெறுபேறுதான். கண்டி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு முதலிய இடங்களில் உள்ள சுகாதார அமைச்சின் தாதியர் கல்லூரிகளில் பயிற்சி மூன்று வருடம். பயிற்சிக்காலத்தில் கொடுப்பனவும் உண்டு. யாரைச் சேர்ப்பது என்பதை வர்த்தமானி அறிவித்தல் தீர்மானிக்கிறது. கடைசியாக வெளியான தமிழ் அறிவித்தலைத் தேடி எடுத்து, வயது எல்லை, எந்த ஆண்டு உயர்தரப் பெறுபேறு ஏற்கப்படும், சாதாரண தரத்தில் எந்தப் பாடத்துக்குத் திறமைச் சித்தி வேண்டும் என்ற மூன்றையும் கோடிட்டுப் படியுங்கள். இவை அறிவித்தலுக்கு அறிவித்தல் மாறக்கூடியவை. அக்கா சேர்ந்த காலத்து விதியை நம்பித் தங்கை இறங்கக்கூடாது.

பிறகு வருடங்களை எண்ணுங்கள். அண்மைக்கால அறிவித்தல்கள் உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களைக் கேட்டிருக்கின்றன. கலைப்பிரிவில் படித்தவர் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றையும் புதிதாகத் தொடங்கினால் நிதானமாக இரண்டு வருடம் போகும். கணித எஸ்ஸைச் சியாக்கத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம். அதை முடித்துவிட்டுத்தான் உயர்தரம் என்று காத்திருந்தால் மூன்று வருடம், 24 வயது 27 ஆகிவிடும். இரண்டையும் சேர்த்தே தொடங்குவதுதான் புத்தி. உயிரியலைப் பெரும்பாலும் வீட்டிலிருந்து வாசிக்கலாம். தேசிய கல்வி நிறுவகத்தின் தமிழ் வளநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இரசாயனவியலுக்கு ஆசிரியர் வேண்டும். கையில் இருக்கும் டியூஷன் காசையும் ஞாயிற்றுக்கிழமையில் கண்டிக்குப் போகும் பஸ் காசையும் அதற்கு ஒதுக்குங்கள் என்றே சொல்வேன்.

பேராதனை, யாழ்ப்பாணம் போன்ற பல்கலைக்கழகங்களில் தாதியியல் பட்டப்படிப்பும் உண்டு. அதற்கு இசற் புள்ளி வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரத்தின் மூன்று தடவைகளே கணக்கில் வரும். கலைப்பிரிவில் எழுதியதும் அதில் ஒன்று.

தனியார் நிறுவனங்களின் விளம்பரங்களும் கண்ணில் படும். காசு கட்டும் முன், அந்தப் படிப்பை முடித்தால் இலங்கைத் தாதியர் சபையில் பதிவு கிடைக்குமா என்று சபையிடமே கேளுங்கள். தாதி உதவியாளருக்கான என்.வி.கியூ. நான்காம் மட்டச் சான்றிதழ் மதிப்பான தொழிலுக்கு வழிதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு தாதியாகப் பதிய முடியாது. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் பிள்ளைகளைச் சேர்ப்பது பெரும் அநியாயம்.

கடைசியாக ஒன்று. மலையகப் பிள்ளைகளைப் பத்திரங்களில் உள்ள பெயர் வித்தியாசம் அதிகம் வதைக்கிறது. பிறப்புச் சான்றிதழில் ‘லெட்சுமி’. பாடசாலைப் பதிவில் ‘லட்சுமி’. அடையாள அட்டையில் அப்பாவின் பெயர் முன்னால், பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்துக் குறைவு. தோட்டத்தில் எழுதிக்கொடுத்தவர் எழுதியபடியே பல வருடமாகக் கிடக்கும். நேர்முகப் பரீட்சை மேசையில்தான் அது வெளியே வரும். திருத்துவதற்குப் பிரதேச செயலகத்தில் இருக்கும் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கலாம். பாடப்புத்தகம் வாங்கும் அதே வாரத்தில், மூன்று பத்திரங்களையும் ஒரு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.