கரடி திரும்பிப் பார்த்த பென்சில்

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகளைப் பார்க்க அமெரிக்கா போகிறார். ஜூலையில் குடும்பத்தோடு மொன்டானா மாநிலத்தின் கிளேசியர் தேசியப் பூங்காவுக்குச் சுற்றுலா. மருமகன் இப்போதே ஆளுக்கொரு ‘கரடி மணி’ வாங்கி வைத்துவிட்டாராம். “அதைப் பையில் கட்டிக்கொண்டு நடந்தால் கரடி விலகிப் போய்விடும் என்கிறார். எனக்கென்னவோ, மணி அடிப்பதைக் கேட்டுப் பிரசாதம் வாங்க வந்துவிடுமோ என்று இருக்கிறது. அறிவியல் என்ன சொல்கிறது?”

அறிவியல் மருமகன் பக்கம் இல்லை. மாமியார் பக்கமும் முழுசாக இல்லை.

கரடி மணியைப் பார்க்காதவர்களுக்கு: ஆட்டுக்குட்டியின் கழுத்தில் கட்டுவோமே, அந்த அளவில் ஓர் உலோக மணி. பையில் மாட்டிக்கொள்ள ஒரு பட்டை. வேண்டாதபோது உள்ளே இருக்கும் நாக்கு அசையாமலிருக்க ஒரு காந்தம். இதன் சிறப்பே அந்தக் காந்தம்தான் என்று நினைக்கிறேன். கூட நடக்கிறவர்களுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் இல்லை. சில டாலர்தான் விலை. பூங்காக்களைச் சுற்றியுள்ள பரிசுப்பொருள் கடைகளில் சாவிக்கொத்துக்கும் தொப்பிக்கும் நடுவே தொங்கும். அதற்குப் பொருத்தமான இடமும் அதுதான்.

மணிக்குப் பின்னால் இருக்கும் எண்ணம் தப்பில்லை. கனடாவின் கரடி ஆய்வாளர் ஸ்டீபன் ஹெரேரோ, கரடித் தாக்குதல்களைச் சம்பவம் சம்பவமாகத் தொகுத்து 1985-இல் ஒரு நூல் வெளியிட்டார். கிரிஸ்லி வகைக் கரடிகளிடம் மனிதர்கள் காயம்பட்டதில் பெரும்பங்கு ‘திடீர்ச் சந்திப்பு’ என்று அதில் காட்டினார். கரடி வேட்டைக்கு வருவதில்லை. பழம் தின்றுகொண்டோ, கிழங்கு தோண்டிக்கொண்டோ, குட்டிகளோடு படுத்துக்கொண்டோ இருக்கும்போது, பத்தடி தூரத்தில் இரண்டு காலில் ஒன்று முளைத்துவிடுகிறது. ஓடுவதா, அடிப்பதா என்று யோசிக்க அதற்கு நேரமில்லை. 2016 ஜூனில் இதே கிளேசியர் பூங்காவை ஒட்டிய காட்டுப்பாதையில், செடிகள் மறைத்த ஒரு வளைவில் வேகமாகத் திரும்பிய சைக்கிளோட்டி ஒருவர் நேராகக் கரடியின் மேலேயே மோதினார், பிழைக்கவில்லை. இரண்டு பேருக்குமே அங்கே நேரமில்லை. ஆக, ‘நான் வருகிறேன்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயமான உத்தி. அதை மணியால் சொல்ல முடியுமா என்பதுதான் கேள்வி.

அலாஸ்காவின் காட்மாய் தேசியப் பூங்காவில் டாம் ஸ்மித் என்ற உயிரியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் இல்லை. மறைவிடத்தில் உட்கார்ந்துகொண்டு, கரடிகள் கடந்து போகும்போதெல்லாம் மணியை ஆட்டினார். முதலில் மெதுவாக, பிறகு பலமாக. ஒரு கரடிகூடத் தலையைத் தூக்கவில்லை. கையில் இருந்த பென்சிலை எடுத்து ‘பட்’டென்று ஒடித்தார். அத்தனை கரடிகளும் சட்டென்று திரும்பிப் பார்த்தன.

அந்தப் பென்சில்மேல் எனக்கு ஒரு மயக்கம் உண்டு. மணியைவிடச் சின்ன ஓசை, மணியைவிடக் குறைந்த நேரம். அது எப்படிக் காதில் விழுந்தது?

காது மந்தமா என்றால், இல்லை. பனிக்கரடிகளுக்குப் பயிற்சி கொடுத்து, ஆட்களுக்குச் செய்வதுபோலவே கேட்கும் திறனைச் சோதித்திருக்கிறார்கள். அவற்றுக்கு மிக நன்றாகக் கேட்பது 8,000 முதல் 14,000 ஹெர்ட்ஸ் வரையிலான கீச்சொலிகள். மற்ற கரடிகளின் காது இதிலிருந்து வெகுதூரம் விலகி இருக்கக் காரணமில்லை. ஸ்மித்தின் மணி அவற்றுக்குக் கேட்டிருக்கும்.

வளைவுக்கு அப்பால் இருக்கும் கரடிக்குக் கேட்குமா என்பது வேறு. சிறு மணியின் ஓசையில் பெரும்பகுதி சில ஆயிரம் ஹெர்ட்ஸில் இருக்கிறது. 4,000 ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் எட்டரை சென்டிமீட்டர். ஓர் இலையின் அளவு. இலையும் கிளையும் அதை ஆளுக்குக் கொஞ்சமாகச் சிதறடிக்கும். பாறை குறுக்கே வந்தால் அதன் பின்னால் ‘ஒலி நிழல்’ விழும். பக்கத்தில் ஓடை சலசலத்தால் கேட்கவே வேண்டாம். மாறாக, வாயைக் குவித்து ‘கூ’ என்று நீட்டிப் பாருங்கள். அந்த ஊகாரத்தின் வலு சில நூறு ஹெர்ட்ஸில் இருக்கிறது. அலை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். அடிமரத்தைச் சுற்றிக்கொண்டு அது பாட்டுக்குப் போகும். நம் ஆட்கள் ‘கூப்பிடு தூரம்’ என்று ஓர் அளவு வைத்திருந்தார்கள். ‘கொலுசு தூரம்’ என்று யாரும் வைக்கவில்லை.

ஆனால் காட்மாய்க் கரடிகள் வளைவுக்குப் பின்னால் இல்லை. கேட்டும் கேளாமல் போயின. காதில் விழுவது ஒன்று, கவனத்தில் விழுவது வேறு என்ற இடத்துக்கு வருகிறோம். எனக்குப் பிடித்த இடம் இது.

ஒரு வீட்டுக் கூடம். சாய்வு நாற்காலியில் தாத்தா, கையில் நாளிதழ். தலைக்கு மேல் மின்விசிறி ‘கடக் கடக்’ என்கிறது. தொலைக்காட்சியில் தொடரின் மாமியார் கத்துகிறார். அடுக்களையில் குக்கர் மூன்று விசில் அடித்துவிட்டது. பாட்டி நான்காவது முறையாக “என்னங்க, உங்களைத்தான்” என்கிறார். தாத்தா அசையவில்லை. செவிடு என்று முடிவு கட்டும் நேரத்தில், பேத்தி பூனைபோல நடந்து போய் முறுக்கு டின்னின் மூடியை நகத்தால் நெம்புகிறாள். “யாரது, டின்னைத் திறக்கிறது?” என்கிறார் தாத்தா, நாளிதழை இறக்காமல்.

இந்தக் கூடத்தில் தாத்தாதான் கரடி. மின்விசிறி ஓடை. தொடர் காற்று. பாட்டியின் நாற்பது வருட ‘என்னங்க’தான் மணி. டின் மூடி பென்சில். நாளிதழைப் பழப்புதர் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டிலும் மேய்கிறவர் தலை நிமிர்வதில்லை. குட்டிகளோடு இருக்கும் தாய்க்கரடி யார் என்றால், பண்டிகை நாளில் பலகாரம் சுட்டுக்கொண்டிருக்கும் பாட்டி; அந்த நேரத்தில் அடுக்களைக்குள் சொல்லாமல் நுழைந்தால் என்ன நடக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இதற்கு மேல் இந்த உவமையை நீட்டினால் எனக்கு இரவுச் சாப்பாடு கிடைக்காது.

தாத்தாவின் காது களைத்துப் போகவில்லை என்பதுதான் இதில் அழகு. நெடுநேரம் ஒரே ஓசையைக் கேட்டால் காது அலுத்து அணைந்துவிடுகிறது என்றுதான் எவரும் நினைப்பார்கள். அப்படியானால், நடு இரவில் மின்சாரம் போய் மின்விசிறி நின்றவுடன் ஏன் விழித்துக்கொள்கிறோம்? அங்கே ஓசையே இல்லை. இல்லாத ஓசை எப்படி எழுப்பும்?

சோவியத் உளவியலாளர் எவ்கெனி சொகோலவ் கேட்டது ஏறக்குறைய இதே கேள்வி. ஒரே ஒலியை ஒருவருக்குத் திரும்பத் திரும்பக் கேட்கவிட்டார். முதலில் உடம்பு துணுக்குறும்: தோலின் மின்கடத்தல் மாறும், மூளையலை மாறும். போகப் போக ஒன்றுமில்லை. அதன் பிறகு ஒலியைக் குறைத்தார். துணுக்குறல் திரும்பி வந்தது. வழக்கமாக முடியும் கணத்துக்கு முன்பே ஒலியை வெட்டினார். ஒலி இருந்திருக்க வேண்டிய அந்த மௌனத்தில் உடம்பு துணுக்குற்றது. களைத்த காது இப்படிச் செய்யாது. மூளை அந்த ஒலிக்கு ஓர் அச்சு வார்த்து வைத்திருக்கிறது. அடுத்து வருவது அச்சில் பொருந்தினால் மேலே அனுப்பாமல் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது, பொருந்தாததற்கு மட்டும் கதவைத் திறக்கிறது. பழகிப்போவது சோம்பலில்லை, ஓயாமல் நடக்கிற ஓர் ஒப்பீட்டு வேலை.

சரித்திரம் கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. இந்தத் துணுக்குறலுக்கு ‘அது என்ன?’ அனிச்சை என்று பெயர் சொன்னவர் சொகோலவுக்கும் முந்திய பாவ்லவ். பாவ்லவ் என்றதும் நாயும் மணியும் நினைவுக்கு வரும். வரட்டும், திருச்சி வாசகியின் பிரசாதச் சந்தேகத்துக்கு அங்கேதான் பதில் இருக்கிறது. மணிக்குப் பின்னால் சோறு வந்தால் நாய்க்கு எச்சில் ஊறும். மணி கட்டியவர்கள் மிச்சச் சோற்றைப் பாதையோரம் போட்டுப் பழக்கினால், கரடிக்கும் ஊறும். போடாதவரை மணி வெறும் மணிதான்.

‘கிணிங் கிணிங்’ என்று ஒவ்வோர் எட்டுக்கும் விழும் சத்தம், மின்விசிறியின் சாதி. காட்டில் அதற்கு அர்த்தமும் கிடையாது. மணியடிக்கும் எந்த மிருகமும் இதுவரை கரடியைக் கடித்ததில்லை. சுள்ளி ஒடியும் ஓசை அப்படியல்ல. எடையுள்ள ஏதோ ஒன்று பக்கத்தில் கால் வைத்தால்தான் சுள்ளி ஒடியும். அது செய்தி. டாம் ஸ்மித்தின் பென்சில், கரடிகளின் மொழியில் ‘யாரோ வந்திருக்கிறார்கள்’ என்ற ஒரு வாக்கியம்.

இங்கேயே முடித்தால் கட்டுரை வசதியாக இருக்கும். ஆனால் எதிர்க்கட்சிக்கும் ஒரு சாட்சி உண்டு. கிளேசியர் பூங்காவிலேயே நடந்து 1985-இல் வெளியான ஓர் ஆய்வில், மணி கட்டி நடந்தவர்கள்மீது கிரிஸ்லிகள் பாய்ந்தது குறைவு என்று தெரிந்தது. மருமகன் கைதட்ட வேண்டாம். மணி வாங்குகிற ஆள் மற்ற விஷயங்களிலும் எச்சரிக்கையான ஆளாக இருப்பார்; பலன் மணிக்கா, மனிதருக்கா என்று பிரிப்பது கடினம். வருடாவருடம் மணிகட்டிகள் போய்வரும் பாதையில், கிணிங் என்றால் மனிதன் என்று கரடிகள் கற்றுக்கொண்டும் இருக்கலாம். மறுபுறம், சால்மன் மீனுக்காக ஆற்றங்கரையில் கூடி, மனிதர்களை நிறையப் பார்த்துவிட்ட காட்மாய்க் கரடிகளை வைத்து உலகக் கரடிகளுக்கெல்லாம் தீர்ப்பு எழுதுவதும் நியாயமில்லை. பென்சில் எனக்குப் பிடித்திருக்கிறது என்பது ஆதாரமாகாது.

ஜப்பானில் கரடி மணி சுற்றுலாப் பொருளல்ல; பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப்பையில் தொங்குவது. அரசின் அறிவுரைகளிலும் மணி, வானொலி இரண்டும் உண்டு. அங்குள்ள கறுப்புக் கரடி கிரிஸ்லியைவிடச் சிறியது, கூச்சமுள்ளது. மனிதனை முன்னமே உணர்ந்தால் பெரும்பாலும் நழுவிவிடும். ஆனால் 2025-இல் அது நழுவவில்லை, ஊருக்குள் வந்தது. நவம்பரில் அகிதா மாகாணத்தில் பொறிக்கூண்டு வைக்கத் தற்காப்புப் படையே உதவிக்குப் போனது. ஆண்டின் இறுதியில் ‘ஆண்டின் எழுத்து’ என்று ஜப்பானியர் தேர்ந்தெடுத்தது ‘கரடி’ என்ற எழுத்தை. குப்பையும் சீமைப்பனிச்சைப் பழமும் தேடி வருகிற கரடிக்கு மனிதச் சத்தம் அடுக்களைச் சத்தம் மாதிரிதான். ஹொக்கைடோவின் தகிகாவா நகரில் 2020-இல் கரடிகளை விரட்டச் சிவப்புக் கண்ணோடு ஊளையிடும் ஓநாய் இயந்திரம் ஒன்றை நிறுத்தினார்கள். படத்தோடு செய்தி உலகம் சுற்றியது. எனக்கு அதில் பிடித்தது கண்ணோ பல்லோ இல்லை. ஒரே ஊளை என்றால் பழகிவிடும் என்று, ஏறத்தாழ 60 விதச் சத்தங்களை அதற்குள் வைத்திருக்கிறார்கள். சொகோலவைப் படித்தார்களோ இல்லையோ, தாத்தாவைப் பார்த்திருக்கிறார்கள்.

மணிக்குப் பதிலாக எதை எடுத்துப்போவது? மிளகாய்ச் சாரம் அடைத்த ‘பேர் ஸ்ப்ரே’ டப்பாவை. அலாஸ்காவில் அது பயன்பட்ட 83 சம்பவங்களை ஸ்மித், ஹெரேரோ உள்ளிட்டோர் 2008-இல் அலசினார்கள். பழுப்புக் கரடிகளின் வேண்டாத நடத்தையை 92 சதவீதச் சம்பவங்களில் அது நிறுத்தியிருந்தது. விமானத்தில் கைப்பையிலும் பெட்டியிலும் அதற்கு இடமில்லை. பூங்கா பக்கத்தில் போய்த்தான் வாங்க வேண்டும். கரடியின் முகத்துக்கு அடிக்க வேண்டியது அது. கொசு மருந்துபோலக் கூடாரத்தில் அடித்துவிட்டுத் தூங்கப் போனவர்களும் உண்டு. அடித்துக் காய்ந்துபோன ஸ்ப்ரேயின் வாசனை பழுப்புக் கரடிகளை இழுக்கிறது, அவை அதில் புரள்கின்றன என்று 1998-இல் எழுதியவரும் அதே டாம் ஸ்மித்தான்.

நீலகிரி வாசகர்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: நம்மூர்க் கரடியிடம் கணக்கு இன்னும் சிக்கல். அது கறையான் புற்றை உடைத்து, உதட்டைக் குழல்போல நீட்டி உறிஞ்சும்போது எழும் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். அத்தனை சத்தம் அதன் சொந்தக் காதுக்குப் பக்கத்திலேயே. அப்பளம் கடித்துக்கொண்டே தொலைபேசியில் பேசிப்பாருங்கள், அதன் நிலைமை புரியும். அந்த நேரத்தில் மணி மட்டுமல்ல, மெல்லிய பேச்சும் வீண். புற்றுகள் உள்ள வரப்பிலும் புதரோரத்திலும் குரல் உயரத்தான் வேண்டும்.

திருச்சி அம்மாவுக்கு: மணிகளைத் திருப்பிக் கொடுக்க முடியாவிட்டால் பூஜையறைக்கு ஆகும். மூன்று நான்கு பேராகச் சேர்ந்து நடங்கள். வளைவிலும் ஓடைக்கரையிலும் எதிர்க்காற்றிலும் பேச்சை உரக்க வையுங்கள், கையைத் தட்டுங்கள். ஒரே சொல்லையே சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். மாற்றி மாற்றிப் பேசுவதற்கு ஒரு குடும்பத்தில் விஷயமா இல்லை. அமெரிக்கர்கள் “ஹே பேர்!” என்று கத்துவார்கள். நீங்கள் தமிழிலேயே கத்தலாம். மொன்டானா கரடிகளுக்கு அது இன்னும் பழகியிருக்காது. ஜூலை மாதக் கூட்டத்தைப் பார்த்தால் அதிலும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு.