ஓடுகிற கால்களுக்கு ஒரு நாள் லீவு கொடுங்கள்!

"1,500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள்ள ஓடி முடிக்கணும் டாக்டர். இன்னும் ரெண்டே மாசம்தான் இருக்கு. இப்பப் போய் ஓடாதேங்கிறீங்களே!"

போலீஸ் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த கள்ளக்குறிச்சி இளைஞன் ஒருவன் என்னிடம் கேட்டது இது. காலையும் மாலையும் தார் ரோட்டில் ஓட்டம். ஞாயிற்றுக்கிழமையாவது ஓய்வா? இல்லை, அன்றைக்குக் கல்வராயன் மலைப்பாதையில் ஏற்றம்! நாலாவது வாரம் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி. "தைலம் போட்டு நீவினா சரியாயிடும்னு நெனச்சேன் சார்" என்றார் அவன் அம்மா. வலிக்கிற இடத்தை விரலால் அழுத்தினேன், துள்ளிவிட்டான். தைலத்தை நிறுத்தச் சொல்லி, எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்கேனில் தெரிந்தது, மயிரிழை போல ஒரு கீறல்.

உடம்பு எப்போது பலப்படுகிறது?

உடற்பயிற்சி செய்யும்போது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் பயிற்சி தசையைக் களைக்க வைக்கிறது. நுண்ணிய சேதமும் உண்டாகிறது. அதைச் சரிசெய்து முன்னைவிட உறுதியாக்கும் வேலை, ஓய்விலும் ஆழ்ந்த தூக்கத்திலும்தான் நடக்கிறது. புதுப் பயிற்சி செய்த மறுநாளும் அதற்கு மறுநாளும் வலி அதிகமாவது அதனால்தான்.

எலும்பு இன்னும் நிதானமான ஆசாமி. ஓட்டத்தின் அதிர்ச்சி பட்டதும் உடம்பு பழைய எலும்பைக் கொஞ்சம் அரித்து அகற்றிவிட்டு, பிறகுதான் புதிதாகக் கட்டுகிறது. அகற்றுவதற்குச் சில வாரம். கட்டி முடிக்கச் சில மாதம். பழைய பூச்சைக் கொத்தி எடுத்த சுவரில் யாராவது தினமும் சம்மட்டியால் அடிப்பார்களா? நம்ம பையன் அதைத்தான் செய்தான்!

மலை மக்கள் தினமும் நடக்கிறார்களே?

வெள்ளிமலைப் பக்கம் மேட்டிலும் பள்ளத்திலும் அநாயாசமாக நடக்கிறார்களே, அவர்களுக்கு மட்டும் எப்படி என்று கேட்பீர்கள். அவர்கள் கால்கள் சின்ன வயசிலிருந்தே அந்த ஏற்றத்துக்குப் பழகியவை. நாமோ இருபது வருஷம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை காலையில் திடீரென்று ஓட ஆரம்பிக்கிறோம்.

நம் பெரியவர்கள் ஓய்வையும் வாழ்க்கை முறையிலேயே சேர்த்து வைத்தார்கள். வாரம் இரண்டு நாள் எண்ணெய்க் குளியல். அன்றைக்கு வெயிலில் அலையக் கூடாது, கடின வேலை கூடாது, பகலில் தூங்கவும் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் பெரியவர்களுக்குச் சொன்ன குறைந்தபட்ச அளவு, வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை. தினம் 30 நிமிடம் என்றால் ஐந்து நாளில் முடிந்துவிடும். மிச்சம் இரண்டு நாள் எண்ணெய்க் குளியலுக்கு!

கவனத்தில் வையுங்கள்

* கடும் பயிற்சிக்கு மறுநாள் மெதுவான நடை போதும். ஒரே தசைக்கு அடுத்தடுத்த நாளில் பளு வேண்டாம்.

* காலையில் எழுந்ததும் நாடியை எண்ணுங்கள். வழக்கத்தைவிட 10 துடிப்பு கூடியிருந்தால் அன்று ஓய்வு எடுங்கள்.

* இரவில் 7 மணி நேரமாவது தூங்குங்கள்.

* சர்க்கரை உள்ளவர்கள் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் பயிற்சியை விடாதீர்கள். ஓய்வு வேறு, சோம்பல் வேறு!

* எலும்பில் ஒரே இடத்தில் வலித்தால் நீவாதீர்கள். கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் டீ நிறத்தில் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்தப் பையன்? அந்த வருஷத் தேர்வு கைநழுவிப் போனது. என் முன்னால் உட்கார்ந்து அழுதான். எலும்பு சேர்ந்த பிறகு மறுபடி ஆரம்பித்திருக்கிறான், வாரத்தில் நாலே நாள். "இப்ப முன்னைவிட வேகமா ஓடுறேன் டாக்டர்" என்கிறான், ஆச்சரியத்தோடு. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை!