மணற்றொட்டியை வெறுத்த பூனை

வீட்டினுள்ளேயே பூனை வளர்ப்போர்க்கு ஒருநாள் நேரும் சங்கடம் ஒன்றுண்டு. பல மாதங்களாய் மணல் நிரப்பிய தொட்டியிலேயே மலஜலம் கழித்து வந்த பிராணி, திடீரென அதனைப் புறக்கணித்து, மெத்தையையும் துணிமூட்டையையும் நனைத்து வைக்கின்றது. வீட்டார் உடனே, "கொழுப்பு மிகுந்துவிட்டது" எனத் தீர்ப்புக் கூறி, அதன் மூக்கை ஈரத்தில் தேய்க்கின்றனர். இதனால் அது கற்பது ஒன்றே: இவர்கள் காணாத மூலையிற் கழித்தல் வேண்டும் என்பது.

முதற்கண் ஆராயத்தக்கது அதன் உடல். நீர்ப்பையில் அழற்சியோ கல்லோ உண்டாயின் கழிக்கும்போது நோவெடுக்கும். அந்நோவைத் தொட்டியோடு சேர்த்து நினைந்து, பூனை வேறிடம் நாடும். நீரிழிவோ சிறுநீரக நோயோ உடையது மிகுதியாய்க் கழிக்கும். மூட்டு நோயுற்ற கிழப்பூனைக்குத் தொட்டியின் விளிம்பைத் தாண்டுதலே அரிது. ஆண்பூனையைக் குறித்து விசேஷ எச்சரிக்கை ஒன்று கூறுவேன். அதன் நீர்த்தாரை மிகக் குறுகியது. அடிக்கடி குந்தி முக்கியும் ஒரு துளியும் வாராதாயின், மலச்சிக்கலென்றெண்ணி விளக்கெண்ணெய் புகட்டிக்கொண்டிராது, அந்நேரமே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்க, இரவாயினும் செல்க. அடைப்பு நீங்காவிடின் கழிவு நஞ்சு இரத்தத்தில் மிகுந்து, ஓரிரு நாளில் உயிர் பிரியும்.

நோயில்லையெனத் தெளிந்தபின் தொட்டியை நோக்குக. 1947ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில், தன் பூனைக்கு மணல் கேட்டு வந்த அண்டை வீட்டு மாதொருவர்க்கு, எட்வர்ட் லோ என்பார் ஈரத்தை உறிஞ்சும் களிமண் துகளைக் கொடுத்தார். அதுவரை அம்மாது இட்டுவந்த சாம்பல் வீடெங்கும் பூனையின் அடிச்சுவட்டைப் பதித்ததாம். அத்துகளே பின்னர்ப் பெருவணிகமாயிற்று. இன்று வாசனையூட்டிய வகைகளும் விற்கின்றனர். அவ்வாசனை வாங்குவோரின் மூக்கின் பொருட்டேயன்றிப் பூனையின் பொருட்டன்று. மணமற்ற நுண்டுகளையே பெரும்பாலான பூனைகள் விரும்பும். நாடோறும் அழுக்கை அள்ளுக. பூனைகளின் தொகைக்கு மேல் ஒரு தொட்டி மிகையாக வைத்தல் வைத்தியர் கூறும் முறை. சலவை யந்திரம் இரையும் இடமும், நாய் வழிமறிக்கும் மூலையும் ஆகா.

நின்றபடியே வால் நடுங்கச் சுவரிற் பீச்சுவது வேறு சங்கதி, அஃது எல்லைக்குறி. காயடித்தலால் அது பெரும்பாலும் குறையும்.

நனைந்த இடத்தை அம்மோனியா கலந்த திரவத்தாற் கழுவற்க. அதன் நெடி மூத்திர நெடியையே ஒக்கும். துகளை மாற்ற விரும்பின், பழைய தொட்டியை அகற்றாது புதியதை அருகே வைத்து, எதனிற் பூனை காலிடுகின்றது என்று ஒரு வாரம் பார்த்திருங்கள்.