நத்தார் தினத்திலும் திறந்திருந்த ஆய்வுகூடம்

கலாநிதிப் பட்ட ஆய்வென்றால், பரீட்சைகளில் எப்போதும் முதலிடம் பெறுவோருக்கே உரியதென எம்மில் பலர் எண்ணுகிறோம். அமெரிக்கப் பெண்மணி கரோல் கிரெய்டரின் கதை வேறு. சிறுவயது முதலே அவருக்கு வாசிப்புக் குறைபாடு இருந்தது. பட்டப்பின் படிப்புக்கான தெரிவுப் பரீட்சையில் புள்ளிகள் குறைந்ததால், நேர்முகத்துக்கு அழைத்த பல்கலைக்கழகங்கள் இரண்டே. அவற்றுள் ஒன்றான பேர்க்லியில், எலிசபெத் பிளக்பேர்ண் என்ற பெண் விஞ்ஞானியின் ஆய்வுகூடத்தில் 1984 இல் சேர்ந்தார்.

நிறமூர்த்தங்களின் முனைகளில் 'ரெலோமியர்' எனும் காப்பு உண்டு. சப்பாத்துக் கயிற்று நுனியின் பிளாஸ்டிக் உறை போல. கலம் பிரியும்தோறும் அது தேயும். தேய்வை நிரப்புவது எது? குளத்து நீரில் வாழும் ரெட்ராஹைமெனா என்ற ஒருகல உயிரியில் மாதக்கணக்காகத் தேடினார். 1984 நத்தார் தினத்தன்று ஆய்வுகூடம் சென்று எக்ஸ்ரே படத்தாளைப் பார்த்தபோது, புதியதொரு நொதியத்தின் அடையாளம் ஏணிப்படிகளாகத் தெரிந்தது. அப்போது வயது 23.

உடனே பறைசாற்றவில்லை. பழைய நொதியம் ஏதும் ஏமாற்றுகிறதா என்று மாதக்கணக்கில் சோதித்து, 1985 இறுதியிலேயே வெளியிட்டனர். ஆய்வுப் பயிற்சியின் கடினமான பகுதி, என் பார்வையில், இந்தப் பொறுமைதான்.

பெரும்பாலான புற்றுநோய்க் கலங்கள் அழியாது பெருகத் துணைநிற்பது இந்த நொதியமே. பரம்பரையாக இது குறைந்தவர்களுக்கோ என்பு மச்சை நலிந்து குருதி உற்பத்தி குன்றலாம்.

2009 இல் பிளக்பேர்ண், ஜக் சொஸ்டாக் ஆகியோருடன் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. தொலைபேசி ஒலித்த அதிகாலையில், இரு பிள்ளைகளின் தாயான கிரெய்டர் துவைத்த உடுப்புகளோடு நின்றாராம். வீட்டு வேலை நோபல் பரிசுக்கும் வழிவிடாது போலும்!