காற்றுக்குப் பிடித்தது, கண்ணுக்குப் பிடிக்காதது

1921-ல் பெர்லின் மோட்டார் கண்காட்சியில் எட்மண்ட் ரும்ப்ளர் ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். மேலிருந்து பார்த்தால் அது நீர்த்துளி: முன்பக்கம் உருண்டை, பின்பக்கம் கூர்மை. டிரைவருக்கு நட்டநடுவே தனி சீட், எஞ்சின் பின்னால், சன்னல் கண்ணாடிகூட வளைவு. விமானம் கட்டிப் பழகியவர் அவர். மற்றவர்களின் கார்களோ செங்குத்தான ரேடியேட்டர், நிமிர்ந்த முன்கண்ணாடி, துருத்திக்கொண்டு நிற்கும் விளக்குகள் என்று காற்றை முட்டி மோதித்தான் ஓடின.

ரும்ப்ளரின் கெட்டிக்காரத்தனம் எவ்வளவு என்பது 1979-ல்தான் எண்ணாகத் தெரிந்தது. மியூனிக் அருங்காட்சியகத்தில் இருந்த காரை வோக்ஸ்வாகன் தன் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தது. காற்றுத் தடைக் குணகம் 0.28. இந்த எண் குறையக் குறைய நல்லது. அந்த வருஷம் ஷோரூமில் நின்ற புதுக் கார்களில் பல 0.40-ஐ ஒட்டியே இருந்தன.

ஆனால் ஏறத்தாழ நூறு கார்தான் கட்டினார்கள். எஞ்சின் சூடேறியது, ஸ்டீயரிங் சொன்னபடி கேட்கவில்லை, பெட்டி வைக்க இடமில்லை. சில பெர்லினில் டாக்சியாக ஓடின. இன்னும் சிலவற்றை ‘மெட்ரோபோலிஸ்’ படத்துக்காகக் கொளுத்தினார்கள். மிஞ்சியவை இரண்டு.

அன்று அந்த வடிவத்துக்குத் தேவையும் குறைவு. வேகம் இரட்டித்தால் காற்றுத் தடை நான்கு மடங்காகும். ஆனால் மெதுவாக ஓடும் சாலையில் அது ஒரு பொருட்டே இல்லை. ஜெர்மனியில் பிராங்க்பர்ட்டுக்கும் டார்ம்ஸ்டாட்டுக்கும் இடையே ஆட்டோபான் திறந்தது 1935-ல். அதையொட்டிய ஆண்டுகளில்தான் செக்கோஸ்லோவாக்கியாவின் டாட்ரா கம்பெனி ஹான்ஸ் லெட்விங்காவின் கைவண்ணத்தில் நிஜமாகவே விற்ற காற்றுவாகுக் கார்களை இறக்கியது. வடிவத்தின் மூலம், செப்பலின் ஆகாயக் கப்பல் தொழிற்சாலையில் வேலை பார்த்த பால் யாராயின் கணக்குகள். 75 குதிரைத்திறன் எஞ்சினை வைத்துக்கொண்டு டாட்ரா 87 மணிக்கு 160 கிலோமீட்டரைத் தொட்டது. வளைவில் வேகமாகத் திரும்பினால் பின்பாரம் காரைச் சுழற்றிவிடும் என்பது வேறு கதை.

எனக்கு இவற்றில் மனசு ஆறாதது அமெரிக்காவின் கிரைஸ்லர் ஏர்ஃப்ளோ. பொறியாளர் கார்ல் பிரீயர், விமானம் கண்ட ஆர்வில் ரைட்டிடமே யோசனை கேட்டார். மரத்தில் மாதிரிகள் செய்து காற்றுச் சுரங்கத்தில் வைத்தபோது, அன்றைய கார்கள் பின்னோக்கிப் போனால் காற்றை இன்னும் எளிதாகக் கடக்கும் என்ற வெட்கக்கேடு தெரியவந்தது. 1934-ல் ஏர்ஃப்ளோ வந்தது. எஞ்சினை முன் அச்சின் மேலேயே நகர்த்தி, பின்சீட்டைப் பின் அச்சுக்கு முன்னால் இழுத்திருந்தார்கள். அதுவரை பின்சீட்காரர்கள் அச்சின் தலைமேல் உட்கார்ந்து ஒவ்வொரு பள்ளத்தையும் முதுகெலும்பால் எண்ணிக்கொண்டு போனவர்கள். உடலுக்குள் எஃகுக் கூண்டு வேறு. இன்றைய காரின் பாதி அதில் இருந்தது.

கண்காட்சியில் ஆர்டர் குவிந்தது. கார் வந்துசேர மாதங்கள் ஆயின. முதலில் வந்தவற்றில் கோளாறு இருந்தது, அதற்குள் வதந்தியும் கிளம்பிவிட்டது. இவற்றைவிட, அந்த மொழுக்கென்ற மூஞ்சி ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. மறு வருஷமே முன்பக்கத்தில் கூரான கிரில்லைப் பொருத்தி, பக்கத்திலேயே வழக்கமான வடிவில் வேறு மாடலையும் விற்றார்கள். 1937-ல் ஏர்ஃப்ளோ நின்றது. அதைப் பார்த்து வடிவமைத்த டொயோட்டாவின் முதல் கார், மாடல் ஏஏ, 1936-லேயே ஜப்பானில் வந்துவிட்டிருந்தது.

இன்றைக்குக் காரணம் மாறிவிட்டது. அன்று வேகத்துக்காகக் காற்றை ஏமாற்றினார்கள். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோலுக்காக. இப்போது ஒரே சார்ஜில் இன்னும் கொஞ்ச தூரம் போவதற்காக. நீர்த்துளியின் நீண்ட வாலும் தேவைப்படவில்லை. சரிந்துவரும் வாலைப் பாதியில் செங்குத்தாக வெட்டினாலும் பலன் பெரும்பாலும் கிடைக்கும் என்று ஸ்டுட்கார்ட்டில் வுனிபால்ட் காம் 1930-களிலேயே காட்டியிருந்தார். டொயோட்டா பிரியஸின் பின்பக்கம் அந்த வெட்டுதான். மிச்ச வேலை கண்ணில் படாத இடங்களில் நடக்கிறது: காரின் அடிவயிறு தட்டையாகிறது, கதவுக் கைப்பிடி உள்ளே ஒளிகிறது, குளிரூட்டல் தேவையில்லாத நேரத்தில் கிரில் தானாக மூடிக்கொள்கிறது.

2021-ல் வந்த மெர்சிடிஸ் ஈக்யூஎஸ் 0.20-ஐத் தொட்டது. அதற்கும் வடிவம் மொண்ணையாக இருக்கிறது என்ற முணுமுணுப்புத்தான் பரிசு. எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. அதே கம்பெனியின் ஜி-கிளாஸ், பழைய ராணுவ ஜீப் மாதிரி நாலு பக்கமும் சதுரமாக நிற்பது, அமோகமாகப் போகிறது. 2024-ல் அதை மின்சார வண்டியாக்கியபோது முன்கண்ணாடித் தூண்களின் முனையை மழித்து, கூரை விளிம்பில் சின்ன உதடு வைத்து, எப்படியோ 0.44-க்குக் கொண்டுவந்தார்கள். சதுரத்தில் மட்டும் கைவைக்கவில்லை.